பார்த்தாச்சு!

போன மாதம் அக்கா வீட்டில் நாலு நாள் தங்க வேண்டியிருந்தது. ஹாலில் எனக்கும் அக்கா பையனுக்கும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கை. முதல் நாள் ராத்திரி மணி மூன்று பத்து. அவன் தலைமாட்டில் கிடந்த செல்போன், பழைய காலத்து மில் சங்கு மாதிரி ஊளையிட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நேரத்தில் போன் அடித்தால் என் வயசுக்காரர்களுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான்.

அவன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. கை மட்டும் நீண்டது. கட்டை விரல் திரையை ஒரு தடவை தொட்டது. சங்கு நின்றது. குறட்டை தொடர்ந்தது.

மறுநாளும் அதே மூன்று பத்து. அதே சங்கு. அதே கட்டை விரல். காலையில் காபி குடிக்கும்போது கேட்டேன்.

“யாருடா அது, நடுராத்திரியில தினமும் கூப்பிடறது?”

“ஆள் இல்ல மாமா. சர்வர்.”

“என்ன வேணுமாம் அதுக்கு?”

“ஒண்ணும் வேணாம். சும்மா கத்தும். பாத்தாச்சுன்னு ஒரு தட்டு தட்டினா அடங்கிடும்.”

பையன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அமெரிக்காவில் இருக்கும் சின்னச் சின்ன நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களைச் சென்னையில் உட்கார்ந்து கண்காணிப்பது தொழில். அந்தக் கம்ப்யூட்டர்களை அவன் பார்த்ததில்லை. அவற்றின் முதலாளிகளும் பார்த்ததில்லை. ஏனென்றால், தனித்தனிக் கம்ப்யூட்டர் என்று அங்கே எதுவும் இல்லை.

இதைப் புரிந்துகொள்ளத் திருவல்லிக்கேணியில் குடியிருந்தவர்களுக்குச் சிரமம் இருக்காது. ஒரு பெரிய வீடு. அதில் எட்டு ஒண்டுக் குடித்தனம். ஒவ்வொரு குடித்தனக்காரரும் ‘எங்க வீடு’ என்றுதான் சொல்வார். கிணறு ஒன்று, முற்றம் ஒன்று, மீட்டர் ஒன்று. கிளவுட் என்பது இதுதான். விர்ஜினியாவிலோ மும்பையிலோ ஒரு கட்டடத்தில் நிஜமான இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதைப் பத்து, இருபது கற்பனைப் பெட்டிகளாகத் தடுத்து வாடகைக்கு விடுகிறார்கள். ஒவ்வொரு போர்ஷனும் தன்னை முழு வீடு என்று நினைத்துக்கொண்டு ஓடுகிறது. தடுப்பைக் கட்டிக் காக்கும் மென்பொருள்தான் வீட்டுக்கார அம்மாள்.

யோசனை புதிதல்ல. 1960களிலேயே ஐ.பி.எம். இதைச் செய்து காட்டிவிட்டது. ஆனால் 2006 ஆகஸ்டில் அமேசான், மணிக்கு 10 சென்ட் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்த பிறகுதான் ஊரே குடிவந்தது.

ஒண்டுக் குடித்தனத்தின் எல்லாச் சண்டையும் இங்கேயும் உண்டு. பக்கத்துப் போர்ஷன்காரர் விடிகாலையிலேயே எழுந்து எல்லாத் தண்ணீரையும் பிடித்துவிட்டால் நாம் வாளியோடு நிற்க வேண்டியதுதானே? விர்ச்சுவல் சர்வரும் அப்படிச் சில நேரம் வாளியோடு நிற்கிறது. எவ்வளவு நேரம் நின்றது என்பதற்குத் தனியாக ஓர் அளவே இருக்கிறது. அதன் பெயர் ‘ஸ்டீல்’. ஆமாம், திருட்டு!

இப்படி நூறு அளவுகள். மூளை எத்தனை சதவிகிதம் வேலை செய்கிறது, நினைவகத்தில் எவ்வளவு இடம், டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, கூப்பிட்டால் எத்தனை மில்லி செகண்டில் பதில் வருகிறது... எல்லாம் கோடுகோடாக ஒரு திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். எந்தக் கோடாவது எல்லையைத் தாண்டினால் சங்கு. அந்தச் சங்கு அக்கா வீட்டு ஹாலில், என் காதருகே.

ஆங்கிலத்தில் ‘மானிட்டரிங்’ என்கிறார்கள். தமிழில் கண்காணிப்பு. எனக்கு இந்த வார்த்தையோடு பழைய மனஸ்தாபம் உண்டு. கண்காணி என்பதுதான் பேச்சில் கங்காணி ஆயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கும் நம் ஜனங்களைப் பிடித்துக்கொண்டு போய், அங்கே அவர்களை மேய்த்தவருக்கு அந்தப் பெயர். யார் எத்தனை ராத்தல் கொழுந்து பறித்தாள் என்று அவருக்குத் தெரியும். அவள் கைக்குழந்தைக்கு ஜுரமா என்று கேட்பது கணக்கில் சேராது. பார்ப்பது ஒரு வேலை. பார்த்துக்கொள்வது வேறு வேலை. ‘குழந்தையைப் பாரு’ என்றால் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம். ‘குழந்தையைப் பாத்துக்கோ’ என்றால் நகர முடியாது. ஒரு ‘கொள்’ளில் எத்தனை பெரிய பொறுப்பை வைத்திருக்கிறது நம் பாஷை!

சரி, கதைக்கு வருகிறேன்.

மூன்றாம் நாள் ராத்திரியும் மூன்று பத்துக்குச் சங்கு ஊதியது. நானே பழகிவிட்டேன், திரும்பிப் படுத்தேன். கட்டை விரல் தட்டியது. ஆனால், ஆறு மணிக்கு மறுபடி போன். இந்தத் தடவை சர்வர் அல்ல, ஆள். பையன் எழுந்து உட்கார்ந்து, ‘யெஸ் சார், யெஸ் சார்’ என்று நாலு தடவை சொன்னான். முகம் வெளுத்துவிட்டது.

நடந்தது இதுதான். அந்த அமெரிக்க நிறுவனம் வீட்டுக்கு வீடு மருந்து அனுப்புகிற ஒரு சின்னக் கம்பெனி. தினமும் நம் நேரம் மூன்று மணிக்கு அந்த சர்வர், தன் தகவல்களுக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். நகல் எடுக்கும்போது டிஸ்க் 90 சதவிகிதத்தைத் தாண்டும். உடனே சங்கு. இருபது நிமிடத்தில் வேலை முடிந்து தற்காலிகக் கோப்புகள் அழிந்து, டிஸ்க் பழையபடி இறங்கிவிடும். ஐந்து வாரமாகத் தினமும் இந்த நாடகம். அன்றைக்கு மட்டும் வேறு ஒரு புரோகிராமுக்குக் கிறுக்குப் பிடித்து, டைரி எழுதுகிற மாதிரி பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறது. டிஸ்க் இறங்கவில்லை. மூன்று ஐம்பதுக்கு முழுசாக நிரம்பி, தகவல் தளம் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. ‘பாத்தாச்சு’ என்று தட்டிய பிறகு சங்கு மறுபடி ஊதாது. அதுதான் அந்த ஏற்பாட்டின் மரியாதை. பொறுப்பான ஒருவர் பார்த்துவிட்டார், இனி தொந்தரவு செய்யக் கூடாது என்று அது நம்புகிறது.

இரண்டே கால் மணி நேரம், அங்கே சாயங்காலத்தில், ஒருவராலும் மருந்து கேட்டுப் பதிவு செய்ய முடியவில்லை.

குளித்துவிட்டு வந்தவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். அக்கா சமையலறையில் இருப்பதை உறுதி செய்துகொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

“மாமா, பதினோரு மணிக்கு மீட்டிங். என்ன நடந்ததுன்னு எழுதித் தரணும். நான் மூணு பத்துக்குத் தட்டினது என் பேரோட பதிவாகியிருக்கு. ‘உள்ளே போய்ப் பார்த்தேன், அப்ப 91 தான் இருந்தது, தினமும் நடக்கறதுதானேன்னு விட்டேன்’னு சொல்லிடட்டுமா?”

“உள்ளே போய்ப் பார்த்தியா?”

“இல்ல.”

“போகலைன்னு கண்டுபிடிக்க முடியுமா?”

“தேடினா முடியும். ஆனா யாரும் தேட மாட்டாங்க.”

பெரியவர்கள் இந்த இடத்தில் உண்மையே பேசு என்று சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

முதலில், அவன் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். முப்பத்தைந்து ராத்திரி பொய் சொன்ன ஒருவன், முப்பத்தாறாவது ராத்திரி நிஜம் சொன்னால் நம்பாதவன் குற்றவாளியா? ‘புலி வருது’ கதையில் நாம் எப்போதும் ஆடு மேய்த்த பையனைத்தான் திட்டுகிறோம். ஊர்க்காரர்களைத் திட்டுவதில்லை. இங்கே ஆடு மேய்ப்பவன் ஒரு மெஷின். அதைத் திட்டிப் பயனில்லை. 90 என்ற எல்லையை வைத்த மனிதர் யாரோ, அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

இது கம்ப்யூட்டருக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. 1979 மார்ச் 28 விடிகாலை நாலு மணிக்கு அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில், த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தது. முதல் சில நிமிடங்களுக்குள் கட்டுப்பாட்டு அறையில் நூற்றுக்கும் மேற்பட்ட அபாய மணிகள். முக்கியமானது எது, உதிரி எது என்று பிரித்துக் காட்ட வழியில்லை. விசாரணைக் குழு அதை அறிக்கையிலேயே எழுதியது. (குழுத் தலைவர் ஜான் கெமெனி. பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர். எழுபதுகள், எண்பதுகளில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவர்கள் இவருக்கு ஃபீஸ் கட்டியிருக்கிறீர்கள்!)

மணியைவிட என்னைப் பாதித்தது ஒரு விளக்கு. குளிர்விக்கும் நீர் வெளியேறும் வால்வு ஒன்று திறந்து, மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கான விளக்கு அணைந்திருந்தது. அணைந்தால் மூடிவிட்டது என்று ஊழியர்கள் நினைத்தார்கள். ஆனால் அந்த விளக்குக்குத் தெரிந்ததெல்லாம் ‘மூடு’ என்ற கட்டளை போய்விட்டதா என்பது மட்டும்தான். வால்வு மூடியதா என்று அதற்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. உலையின் உட்பகுதியில் பாதி உருகியது.

சொன்னேன், அதனால் நடந்திருக்கும்! எத்தனை அப்பாக்கள், எத்தனை ஆபீசர்கள் இந்த விளக்கை வைத்துக் காலம் தள்ளுகிறார்கள்.

சர்வரும் இப்படித்தான். ‘இருக்கியா?’ என்று கேட்டால் ‘இருக்கேன்’ என்று மூன்று மில்லி செகண்டில் பதில் சொல்லும். திரையில் பச்சைப் புள்ளி. ஆனால் வாடிக்கையாளரால் உள்ளே நுழைய முடியாது. ‘இருக்கேன்’ என்பதற்கும் ‘நல்லா இருக்கேன்’ என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது ஊரில் அம்மா அப்பாவை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறவர்களுக்குத் தெரியும்.

2017 பிப்ரவரி 28 அன்று இன்னும் வேடிக்கை. அமேசானின் விர்ஜினியா நிலையத்தில் ஓர் ஊழியர், சில சர்வர்களை மட்டும் நிறுத்தக் கட்டளை தட்டினார். ஓர் இடத்தில் தப்பாகத் தட்டியதில், நினைத்ததைவிட நிறைய நின்றுவிட்டன. சேமிப்புக் கிடங்கு சுமார் நாலு மணி நேரம் படுத்துவிட்டது. அதை நம்பியிருந்த எத்தனையோ வலைத்தளங்களும் கூடவே படுத்தன. ‘எங்கள் சேவைகள் எப்படி இருக்கின்றன’ என்று ஊருக்குக் காட்ட அமேசான் ஒரு பலகை வைத்திருக்கிறது. அதை மாற்றி எழுத உதவும் ஏற்பாடும் அதே கிடங்கை நம்பியே இருந்தது! ஆகவே முதல் இரண்டு மணி நேரம் அவர்களால் பலகையைச் சரியாக மாற்ற முடியவில்லை. டிவிட்டரில் சொல்ல வேண்டியதாயிற்று. தான் உட்கார்ந்திருக்கும் கிளையையே காவல் காத்தவன் கதை.

வள்ளுவருக்கு இது தெரிந்திருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒற்றாடல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றனுக்குத் தெரியாமல் வை, மூன்று பேர் சொல்வதும் ஒத்துப்போனால் நம்பு என்கிறார். நல்ல கண்காணிப்பு மென்பொருளும் அதையே செய்கிறது. ஒரே ஊரிலிருந்து பார்த்துவிட்டுக் கத்தாது. வேறு வேறு ஊர்களிலிருந்து தட்டிப் பார்த்து, எல்லா இடத்திலும் பதில் இல்லையென்றால்தான் மனிதனை எழுப்பும். பையனிடம் சொன்னேன், “எங்க கம்பெனி பட்ஜெட்ல ஓர் ஒற்றன்தான் மாமா” என்றான். இன்னொன்றும் கவனித்தேன். ஒற்றாடலுக்கு முந்தைய அதிகாரம் கண்ணோட்டம். இரக்கம் என்பதற்குத் தமிழ் வைத்திருக்கும் பெயரே பார்வையை வைத்துத்தான். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது தற்செயலா? ஆராய்ச்சியாளர்கள் சொல்லட்டும்.

பையனின் கேள்வி அப்படியே நிற்கிறது. சொல்வதா, மறைப்பதா?

நான் அவனுக்கு கிட்லேப் கதையைச் சொன்னேன். அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்பது பிறகுதான் புரிந்தது. இருந்தாலும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான், நல்ல பிள்ளை.

புரோகிராமர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் தளம் அது. 2017 ஜனவரி 31 ராத்திரி, தகவல் தளத்தின் நகல் எடுக்கும் ஏற்பாடு தடுமாறியது. நேரமாகிவிட்டது, படுக்கப் போகிறேன் என்று சொன்ன ஓர் ஊழியர், பிரச்னை வந்ததால் இருந்து சரிசெய்யப் பார்த்தார். இரண்டாவது சர்வரில் ஒரு டைரக்டரியை அழிக்க வேண்டும். அழித்தார். ஓரிரு வினாடியில் ரத்தம் உறைந்தது. அவர் இருந்தது முதல் சர்வரில்! உடனே நிறுத்தினார். சுமார் 300 ஜிகாபைட்டில் மிச்சம் நாலரை.

சரி, நகல் இருக்குமே? ஒன்றல்ல, பல வழிகள் வைத்திருந்தார்கள். ஒன்றும் கைகொடுக்கவில்லை. தினசரி நகல் எடுக்கும் புரோகிராம், பதிப்பு பொருந்தாமல் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றேன் தோற்றேன் என்று மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறது. கையெழுத்து சரியில்லை என்று அஞ்சல் சர்வர் அதைத் திருப்பியடித்துவிட்டது. ஒருவரும் பார்க்கவில்லை. கடைசியில் காப்பாற்றியது, ஆறு மணி நேரத்துக்கு முன்னால் அதே ஊழியர் வேறு ஏதோ சோதனைக்காகக் கையால் எடுத்து வைத்த ஒரு நகல். தளம் மீள 18 மணி நேரம் ஆனது. ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான்.

என்ன செய்தார்கள்? மறைக்கவில்லை. நிமிடத்துக்கு நிமிடம் நடப்பதை ஊரறிய எழுதினார்கள். மீட்பு வேலையை யூடியூபில் நேரடியாகக் காட்டினார்கள். தங்கள் காப்பு ஏற்பாடுகளில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை என்பதைத் தாங்களே எழுதினார்கள். அந்த ஊழியரை வேலையை விட்டுத் தூக்கவில்லை.

இந்தத் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. ‘பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்’. எட்ஸி என்ற நிறுவனத்தில் இருந்த ஜான் ஆல்ஸ்பா 2012ல் இதைப் பற்றி எழுதிப் பரவலாக்கினார். யார் செய்தான் என்று கேட்காதே, அந்த நேரத்தில் அவனுக்கு அது ஏன் சரியென்று தோன்றியது என்று கேள். பழி போட ஆரம்பித்தால் மனிதர்கள் மறைப்பார்கள். மறைத்தால் அடுத்த விபத்து வரும்.

எனக்கு இதில் முக்கால்வாசி சம்மதம். மீதிக் கால்வாசி உறுத்துகிறது. ‘யார் மேலும் தப்பில்லை’ என்பதைக் கம்பெனி சொல்லலாம், நண்பர்கள் சொல்லலாம். தட்டியவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டால்? அன்றைக்குப் பையனின் மேனேஜர் காலையில் போனிலேயே ஆறுதல் சொல்லியிருக்கிறார்: “கவலைப்படாதே, நாம 99.9 சதவிகிதம்தான் கான்ட்ராக்ட்ல எழுதியிருக்கோம்.” அதாவது வருஷத்துக்கு 8 மணி 45 நிமிடம் வரை சர்வர் படுத்தாலும் வாக்குத் தவறியதாகாது. இன்னொரு ஒன்பது சேர்த்து 99.99 என்றால் 52 நிமிடம். ஐந்து ஒன்பது என்றால் ஐந்து நிமிடம் சொச்சம். ஒவ்வோர் ஒன்பதுக்கும் பணம் கூடும், யாரோ ஒருவருடைய தூக்கம் குறையும். எட்டே முக்காலில் இரண்டே கால் போனால் இன்னும் ஆறரை மணி நேரம் கையிருப்பு! கூகுள்காரர்கள் இதற்கு ‘எர்ரர் பட்ஜெட்’ என்று பெயர் வைத்து 2016ல் புத்தகத்தில் விளக்கியிருக்கிறார்கள். நிர்வாகத்துக்கு அது நல்ல கணக்குதான், நூற்றுக்கு நூறு யாராலும் முடியாது என்று ஒப்புக்கொள்ளும் கணக்கு. ஆனால் அன்று சாயங்காலம் மாத்திரை தீர்ந்துபோய், திரையில் சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு பாட்டிக்கு அது பாயின்ட் ஒன் சதவிகிதம் அல்ல. அவளுக்கு அது முழுச் சாயங்காலம்.

இனி, நான் ஏன் வாய் திறக்கவில்லை என்பது.

1978ல் கோவைப் பக்கம் ஒரு நூற்பு மில்லில் நான் ஜூனியர் கிளார்க். மில்லின் பெயர் வேண்டாம். அங்கே ராத்திரி வாட்ச்மேன் தோளில் தோல் உறைக்குள் ஒரு கனமான கடிகாரம் தொங்கும். மில்லின் எட்டு மூலைகளில் எட்டுச் சாவிகள், சுவரில் சங்கிலி போட்டு மாட்டியிருக்கும். வாட்ச்மேன் மணிக்கு ஒரு தரம் சுற்றி வந்து, ஒவ்வொரு சாவியையும் கடிகாரத்தில் நுழைத்துத் திருக வேண்டும். உள்ளே ஒரு வட்டக் காகிதம். எந்தச் சாவி எத்தனை மணிக்குத் திருகப்பட்டது என்று அதில் முத்திரை விழும். பையனின் திரைக்குத் தாத்தா!

காலையில் கடிகாரத்தைத் திறந்து, காகிதத்தை எடுத்து, சரிபார்த்து, ஓரத்தில் இனிஷியல் போட்டு ஃபைல் பண்ணுவது என் வேலை.

சில வாரங்களில் எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. எட்டு முத்திரைகளும் இரண்டே நிமிடத்துக்குள் விழுகின்றன. கேட்டிலிருந்து பஞ்சு கோடவுனுக்கு நடக்கவே ஐந்து நிமிடம் ஆகும். விஷயம் எளிது. வாட்ச்மேன் சங்கிலிகளை நைசாகக் கழற்றி, எட்டுச் சாவியையும் கேட் பக்கம் கொண்டுவந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலேயே மணிக்கு ஒரு தரம் எட்டையும் திருகிவிட்டுப் படுத்துக்கொள்வார். பகலில் சாவிகள் பழைய இடத்துக்குப் போய்விடும்.

அவருக்கு முழங்காலில் வலி. நல்ல மனுஷன். காலையில் எனக்கு டீ வாங்கி வைப்பார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரக்கம் என்று அப்போது நினைத்தேன். அது முழு உண்மையில்லை. சொன்னால் விசாரணை, எழுத்து, சாட்சி... யாருக்கு வேண்டும் என்ற சோம்பலும் இருந்தது. காகிதம் ஒழுங்காக இருந்தது. என் வேலை காகிதம். தினமும் இனிஷியல் போட்டேன்.

ஒரு பங்குனி ராத்திரி பஞ்சு கோடவுனில் தீப்பிடித்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. பேல் பேலாகப் பஞ்சு சாம்பலானது. அந்த ராத்திரிக் காகிதத்தில் எட்டு முத்திரையும் அழகாக இருந்தன, கோடவுனுக்குப் பக்கத்துச் சாவி உட்பட. அதுவே அவரைக் காட்டிக்கொடுத்தது. அன்று சாயங்காலமே வேலை போயிற்று.

பழைய காகிதங்களை எல்லாம் எடுத்து மேஜையில் பரப்பினார்கள். ஒவ்வொன்றிலும் என் இனிஷியல். மேனேஜர் முத்திரைகளைத்தான் பார்த்தார். ஓரத்தைப் பார்க்கவில்லை. நானும் சுட்டிக்காட்டவில்லை.

கேட்டைத் தாண்டும்போது அவர் என்னிடம் நின்றார். கோபமாகக்கூட இல்லை. “தம்பி, நீங்க தெனமும் பாத்துக்கிட்டுத்தானுங்களே இருந்தீங்க?” என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. பையனிடம் சொன்னேன். சாமர்த்தியமாக ஏதாவது பதில் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. லேப்டாப்பைத் திறந்தான். ஒரு மணி நேரம் எழுதினான். முதல் வரி மட்டும் எனக்குக் காட்டினான். மூன்று பத்துக்குத் தட்டியது நான்தான், தட்டும்போது நான் எதையும் பார்க்கவில்லை என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஐந்து வாரமாக அந்தச் சங்கு பொய்யாக ஊதுவதும், ஒரு தடவைகூட அதைச் சரிசெய்யும்படி யாரிடமும் கேட்கவில்லை என்பதும் அடுத்த வரிகள். 90 என்று வைத்தவர் பெயர் எங்கேயும் இல்லை. “அவர் பேரைப் போடலையா?” என்றேன். “எனக்குத் தெரிஞ்சதை மட்டும்தான் மாமா எழுத முடியும்” என்றான்.

மீட்டிங் முக்கால் மணி நேரம் நடந்தது. கதவைச் சாத்திக்கொண்டான். வெளியே வந்ததும், இரண்டு வாரத்துக்கு ராத்திரி டியூட்டியிலிருந்து தன்னை எடுத்துவிட்டார்கள் என்றான். அது தண்டனையா, ஓய்வா என்று அவர்கள் சொல்லவில்லையாம். அவனுக்கும் கேட்கத் தைரியமில்லை. சங்கின் விதியை மாற்றுகிறார்கள். நகல் எடுக்கும் நேரத்தில் வாய் மூடியிருக்கும், அரை மணி கழித்தும் இறங்கவில்லையென்றால் ஊதும், தட்டிவிட்டால்கூட நிலைமை சரியாகும்வரை கால் மணிக்கு ஒரு தரம் மறுபடி ஊதும். மருந்துக் கம்பெனிக்கு மன்னிப்புக் கடிதம் யார் எழுதுவது என்பதில்தான் மீட்டிங்கில் பாதி நேரம் போனதாம்.

அக்காவுக்கு விவரம் தெரியாது. “சாமி புண்ணியத்துல ரெண்டு வாரமாவது புள்ள ஒழுங்காத் தூங்கட்டும்” என்று அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

நாலாம் நாள் ராத்திரி சங்கு ஊதவில்லை. ஆனால் எனக்குப் பழக்கதோஷத்தில் விழிப்பு வந்துவிட்டது. மூன்று பதினைந்து இருக்கும். பக்கத்துப் படுக்கையில் வெளிச்சம். பையன் உட்கார்ந்துகொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னடா, இன்னைக்குத்தான் டியூட்டி இல்லையே?”

“இல்ல மாமா. புது ரூல் போட்டுட்டாங்களான்னு பாக்கறேன்.”